உச்சநீதிமன்றத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்?



இந்தப் படிப்பு வட்டத்திற்கு வந்திருப்பவர்களில் பாதிப்பேர் சட்டக் கல்லூரி மாணவர்கள் என்று சொன்னார்கள். மகிழ்ச்சி. “உச்சநீதிமன்றமும் சமூகநீதியும்” என்று தலைப்புக் கொடுத்திருக்கிறீர்கள். மிகப் பெரிய தலைப்பு. எல்லாவற்றையும் பேசினால் எதுவும் மனதில் நிற்காது. அதனால் ஒரு வழக்கிலிருந்து தொடங்குகிறேன்.

2018 மார்ச் 20. சுபாஷ் காசிநாத் மகாஜன் வழக்கில் இரண்டு நீதிபதிகள் கொண்ட அமர்வு ஒரு தீர்ப்பு சொன்னது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் தவறாகப் பயன்படுத்தப்படுகிறது என்று கூறி, சட்டத்தில் இல்லாத சில நிபந்தனைகளைப் புதிதாகச் சேர்த்தது. புகார் வந்தால் உடனே எஃப்.ஐ.ஆர். போட வேண்டியதில்லை, டி.எஸ்.பி. முதலில் விசாரிக்கலாம். அரசு ஊழியரைக் கைது செய்ய அவரைப் பணியில் அமர்த்திய அதிகாரியின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். மற்றவர்களைக் கைது செய்ய மாவட்டக் காவல் கண்காணிப்பாளரின் ஒப்புதல் வேண்டும். முன்ஜாமீனுக்கு இருந்த தடையும் தளர்த்தப்பட்டது.

அந்தத் தீர்ப்பு நம் ஊருக்கு வந்துசேர எத்தனை நாள் ஆயிற்று தெரியுமா? அடுத்த மாதமே வந்துவிட்டது. நான் மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கு நடத்துகிறவன். ஏப்ரலில் ஒரு கூலித் தொழிலாளி தன் மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஊர்த்தெரு வழியாக வண்டியில் போனதற்காகப் பையனை அடித்திருக்கிறார்கள். காதுக்குக் கீழே நான்கு தையல். காவல் நிலையத்தில் புகாரை வாங்கி வைத்துக்கொண்டு வழக்குப் பதியாமல் அனுப்பிவிட்டார்கள். “டெல்லியிலயே சொல்லிட்டாங்களாம் சார், இனிமே விசாரிச்சுட்டுத்தான் கேஸ் போடணுமாம்” என்றார் அவர். தீர்ப்பின் பெயர் அவருக்குத் தெரியாது. எழுதிய நீதிபதிகளின் பெயரும் தெரியாது. ஆனால் அந்தத் தீர்ப்பின் சாரத்தை அவர் சரியாகவே சொல்லிவிட்டார்.

அந்த ஏப்ரல் 2ஆம் தேதி வடமாநிலங்களில் தலித் மக்கள் பாரத் பந்த் நடத்தினார்கள். துப்பாக்கிச் சூடு நடந்தது. உயிர்கள் போயின. அந்த எழுச்சிக்குப் பிறகுதான் நாடாளுமன்றம் ஆகஸ்ட் மாதம் 18ஏ என்ற பிரிவைச் சேர்த்து, முன்விசாரணையோ முன்அனுமதியோ தேவையில்லை என்று சட்டமாக்கியது. 2019 அக்டோபர் 1 அன்று சீராய்வு மனுவில் மூன்று நீதிபதிகள் அமர்வு அந்த நிபந்தனைகளைத் திரும்பப் பெற்றது. பட்டியல் சாதி, பழங்குடி மக்கள் ஒரு கூட்டமாகவே பொய்ப்புகார் கொடுப்பவர்கள் என்று கருதுவது மனித சமத்துவத்துக்கே எதிரானது, பொய்ப்புகார் என்பது மனிதக் குறையே தவிர சாதியின் குணமல்ல என்று அந்தத் தீர்ப்பு சொன்னது.

இப்போது நான் சொல்ல வந்த விசயத்திற்கு வருகிறேன். 2018 மார்ச்சில் அந்த முதல் தீர்ப்பு வந்தபோது உச்சநீதிமன்றத்துக்கு அனுமதிக்கப்பட்ட நீதிபதி இடங்கள் 31. அன்று பணியில் இருந்தவர்களில் ஒருவர்கூட தலித் இல்லை. அந்த இரண்டு பேர் அமர்வில் மட்டுமல்ல, நீதிமன்றம் முழுவதிலும் இல்லை. 2010 மே மாதம் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் ஓய்வு பெற்றார். அதற்குப் பிறகு 2019 மே மாதம் பி.ஆர். கவாய் பதவியேற்கும் வரை ஒன்பது ஆண்டுகள் அந்த வெற்றிடம் நீடித்தது. 2019 அக்டோபரில் நிபந்தனைகளைத் திரும்பப் பெற்ற மூன்று பேர் அமர்வில் கவாய் ஒருவர்.

கவாய் இருந்ததால்தான் தீர்ப்பு மாறியது என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்ல என்னிடம் ஆதாரமில்லை. அதற்குள் நாடாளுமன்றமே சட்டத்தைத் திருத்தியிருந்தது, தெருவில் மக்கள் இறங்கியிருந்தார்கள். நான் கேட்பது வேறு. தீண்டாமை என்பது என்ன, வன்கொடுமை என்பது என்ன, எது பொய்ப்புகார் என்று நாட்டுக்கே சொல்லும் இடத்தில், அதைத் தோலில் அனுபவித்த சமூகத்திலிருந்து ஒன்பது ஆண்டுகள் ஒருவர்கூட இல்லாமல் போனது எப்படி? அதற்கு யார் பொறுப்பு?

அதற்கு முன்னால் இந்த நீதிமன்றத்தின் வேலை என்ன என்று பார்ப்போம். சாதாரண மேல்முறையீடுகளை விசாரிப்பது அதன் வேலையில் ஒரு பகுதி. இன்னொரு பகுதி, அரசமைப்புச் சட்டத்துக்குப் பொருள் சொல்வது. சமத்துவம் என்று 14ஆவது உறுப்பு சொல்கிறது. சமத்துவம் என்றால் என்ன? அதை முடிவு செய்வது நீதிபதிகள். நாடாளுமன்றம் எதைத் திருத்தலாம், எதைத் தொடக்கூடாது? அதையும் அவர்கள்தான் சொல்கிறார்கள். 1973இல் கேசவானந்த பாரதி வழக்கை 13 நீதிபதிகள் விசாரித்தார்கள். அடிப்படைக் கட்டமைப்பை மாற்ற முடியாது என்ற கோட்பாடு 7க்கு 6 என்ற கணக்கில் வந்தது. ஒரே ஒரு ஆள் வித்தியாசம்.

2022 நவம்பர் 7ஐ எடுத்துக்கொள்ளுங்கள். முன்னேறிய சாதி ஏழைகளுக்குப் பத்து விழுக்காடு ஒதுக்கீடு கொடுத்த 103ஆவது திருத்தம் செல்லும் என்று தீர்ப்பு வந்தது. 3க்கு 2. இங்கேயும் ஒரே ஆள்தான். பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட ஏழைகளை இந்தப் பத்து விழுக்காட்டிலிருந்து வெளியே நிறுத்துவது சமத்துவத்துக்கு எதிரானது என்று இரண்டு நீதிபதிகள் எழுதினார்கள். மூன்று பேர் அதை ஏற்கவில்லை. 1992இல் மண்டல் வழக்கில் ஒன்பது நீதிபதிகள், பொருளாதாரத்தை மட்டும் அளவுகோலாக வைத்துத் தரப்பட்ட பத்து விழுக்காட்டை ரத்து செய்தார்கள். அதே தீர்ப்புதான் 50 விழுக்காடு உச்சவரம்பை நம் தலையில் வைத்தது. நாம் கேட்டபோது சுவராக நின்ற அந்த உச்சவரம்பு, 2022இல் அவர்களுக்குத் தடையாக நிற்கவில்லை. அந்த ஐந்து பேர் அமர்வில் பட்டியல் சாதியிலிருந்தோ பழங்குடியிலிருந்தோ ஒருவரும் இல்லை.

தமிழ்நாட்டுக்கு இது பழைய கதை. நீதிக்கட்சிக் காலத்திலிருந்து வந்த வகுப்புரிமை ஆணை, கல்லூரி இடங்கள் 14 என்றால் பார்ப்பனரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பார்ப்பனர்களுக்கு 2, அரிசனங்களுக்கு 2, கிறித்தவர்களுக்கும் ஆங்கிலோ இந்தியர்களுக்கும் சேர்த்து 1, முஸ்லிம்களுக்கு 1 என்று பிரித்தது. பார்ப்பனர்களுக்கும் அதில் பங்கு இருந்தது. ஆனாலும் செண்பகம் துரைராஜன் வழக்கு வந்தது. மருத்துவக் கல்லூரிக்கு அவர் விண்ணப்பமே போட்டிருக்கவில்லை என்பது தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது. இன்னொரு மனுதாரருக்காக வாதாடியவர், அரசமைப்புச் சட்ட வரைவுக்குழுவில் உறுப்பினராக இருந்த அல்லாடி கிருஷ்ணசாமி அய்யர். 1951 ஏப்ரலில் உச்சநீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகளும் ஒருமனதாக வகுப்புரிமை ஆணையைச் செல்லாது என்றார்கள். பெரியார் போராட்டத்தில் இறங்கினார். முதல் சட்டத்திருத்தம் வந்து 15(4) சேர்க்கப்பட்டது.

1951, 2018. இரண்டிலும் ஒரே வரிசை. நீதிமன்றம் பறிக்கும், மக்கள் தெருவுக்கு வருவார்கள், நாடாளுமன்றம் திருத்தும். ஒவ்வொரு முறையும் நாம் தெருவுக்கு வந்துதான் உரிமையைத் திரும்ப வாங்க வேண்டுமா?

இனி, உள்ளே இருப்பவர்களின் கணக்கு. உச்சநீதிமன்றம் 1950 ஜனவரியில் தொடங்கியது. முதல் தலித் நீதிபதி வந்தது 1980 டிசம்பரில். அவர் தமிழ்நாட்டைச் சேர்ந்த ஏ. வரதராஜன். முப்பது ஆண்டுகள் ஒருவரும் கிடைக்கவில்லையாம்! முதல் பெண் நீதிபதி பாத்திமா பீவி வந்தது 1989இல். 1950 முதல் 2025 வரை 75 ஆண்டுகளில் வந்த பெண்கள் மொத்தமே 11 பேர். அந்த 11 பேரில் ஒரு தலித் பெண்கூட இல்லை.

உச்சநீதிமன்றத்துக்குப் போகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் உயர்நீதிமன்றங்களிலிருந்துதான் போகிறார்கள். அங்கே என்ன நிலை? 2025 மார்ச்சில் ஒன்றிய சட்ட அமைச்சர் மாநிலங்களவையில் ஒரு பதில் கொடுத்தார். 2018 முதல் நியமிக்கப்பட்ட 715 உயர்நீதிமன்ற நீதிபதிகளில் பட்டியல் சாதியினர் 22, பழங்குடியினர் 16, இதர பிற்படுத்தப்பட்டோர் 89, சிறுபான்மையினர் 37. இந்த நான்கையும் கூட்டினால் 164. மீதி 551. மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் 16.6 விழுக்காடு, பழங்குடியினர் 8.6 விழுக்காடு என்கிறது 2011 கணக்கெடுப்பு. நீதிபதிகளில் பட்டியல் சாதியினர் மூன்று விழுக்காடு, பழங்குடியினர் இரண்டேகால் விழுக்காடு. வாய்க்காலில் வராத தண்ணீர் ஏரிக்கு எப்படி வரும்?

இவர்களைத் தேர்ந்தெடுப்பது யார்? அரசமைப்புச் சட்டத்தின் 124ஆவது உறுப்பு, குடியரசுத் தலைவர் நீதிபதிகளைக் கலந்தாலோசித்து நியமிப்பார் என்றது. தலைமை நீதிபதியின் ஒப்புதல் கட்டாயம் என்று மாற்றலாமே என்று அரசியல் நிர்ணய சபையில் சிலர் கேட்டார்கள். 1949 மே 24 அன்று அண்ணல் அம்பேத்கர் அதை மறுத்தார். தலைமை நீதிபதி சிறந்தவராகவே இருக்கலாம், ஆனால் நம்மைப் போலவே குறைகளும் விருப்பு வெறுப்புகளும் உள்ள மனிதர்தானே, அவர் கையில் தடை அதிகாரத்தைக் கொடுப்பது ஆபத்து என்பது அவருடைய வாதம். அரசாங்கத்தின் கையில் முழுமையாக விடுவதையும் அவர் ஏற்கவில்லை.

இரண்டு ஆபத்துகளையும் நாம் பார்த்துவிட்டோம். 1973இல் மூன்று மூத்த நீதிபதிகளைத் தாண்டி ஒருவரைத் தலைமை நீதிபதியாக்கியது அன்றைய அரசு. நெருக்கடி நிலையில் குடிமக்களின் உரிமைக்காகத் தனித்து நின்று தீர்ப்பு எழுதிய எச்.ஆர். கன்னாவுக்கு 1977இல் அந்தப் பதவி மறுக்கப்பட்டது. அதற்கு மாற்றாக 1993, 1998 தீர்ப்புகளின் வழியாகக் கொலீஜியம் வந்தது. தலைமை நீதிபதியும் நான்கு மூத்த நீதிபதிகளும் கூடி, அடுத்த நீதிபதிகளை அவர்களே முடிவு செய்கிறார்கள். கொலீஜியம் என்ற சொல் அரசமைப்புச் சட்டத்தில் எங்கும் இல்லை. தேர்வுக்கான அளவுகோல் என்ன என்று எழுதிவைத்த சட்டமும் இல்லை. 2014இல் வந்த தேசிய நீதித்துறை நியமன ஆணையத்தை 2015இல் 4க்கு 1 என்று ரத்து செய்தார்கள். அந்த ஆணையத்தில் சட்ட அமைச்சர் உட்கார்ந்திருப்பார், அதில் எனக்கும் அச்சம் உண்டு. ஆனால் அதிலாவது நமக்கு என்ன வைத்திருந்தார்கள்? பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர், பெண்கள், இத்தனை பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு நாற்காலி!

ஆக, சண்டை அரசாங்கத்துக்கும் நீதிபதிகளுக்கும் இடையில் நடக்கிறது. அதில் நாம் கட்சிக்காரர்களாகவே சேர்க்கப்படவில்லை. நாடாளுமன்றத்தில் கேட்டால் அரசு ஒரே பதிலைச் சொல்கிறது: நியமனத்தில் இடஒதுக்கீட்டுக்கு வழியில்லை, ஆனால் பரிந்துரைக்கும்போது இந்தப் பிரிவினரைக் கவனத்தில் கொள்ளுமாறு தலைமை நீதிபதிகளைக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

வேறு வழியே இல்லையா? தென்னாப்பிரிக்காவைப் பாருங்கள். நிறவெறி ஆட்சி முடிந்ததும் அவர்கள் தனியாக ஓர் அரசமைப்பு நீதிமன்றத்தை உருவாக்கினார்கள். ஜோகன்னஸ்பர்க்கில் பழைய சிறைச்சாலை வளாகத்தில் அது இருக்கிறது. காந்தியும் மண்டேலாவும் அடைபட்டிருந்த இடம். விசாரணைக் கைதிகளை அடைத்த கட்டடத்தை இடித்து, அந்தச் செங்கற்களை நீதிமன்றக் கட்டடத்தில் வைத்தார்கள். மொத்தம் 11 நீதிபதிகள். ஒரு வழக்கைக் குறைந்தது எட்டுப் பேர் சேர்ந்து விசாரிக்க வேண்டும். இரண்டு பேர் உட்கார்ந்து ஒரு சட்டத்தையே தளர்த்த முடியாது. நம் நாட்டில் எந்த வழக்கு எந்த அமர்வுக்கு என்பதைத் தலைமை நீதிபதி ஒருவரே முடிவு செய்கிறார்.

அவர்களுடைய அரசமைப்புச் சட்டத்தின் 174(2) பிரிவு, நீதித்துறை நாட்டின் இன, பாலின அமைப்பைப் பரவலாகப் பிரதிபலிக்க வேண்டிய தேவையை நியமனத்தின்போது கருத்தில் கொள்ள வேண்டும் என்று வெளிப்படையாகச் சொல்கிறது. நீதிபணி ஆணையம் விண்ணப்பதாரர்களைப் பொதுமக்கள் முன்னிலையில் நேர்காணல் செய்கிறது. அங்கேயும் அரசியல் உண்டு, கூச்சல் உண்டு, மோசமான நேர்காணல்களும் உண்டு. ஆனால் நடப்பது நாட்டு மக்கள் கண் முன்னால் நடக்கிறது. நிறம் பார்த்து ஒதுக்கிய நாடு, இனி நிறத்தைப் பற்றியே பேச வேண்டாம் என்று ஒதுங்கிக்கொள்ளவில்லை. ஒதுக்கப்பட்டவர்களை உள்ளே கொண்டுவருவது நீதிமன்றத்தின் கடமை என்று எழுதிவைத்தது. சாதி பார்த்து ஒதுக்கிய நாம் அப்படி ஒரு வரியை எழுதவில்லை.

இங்கே தோழர்கள் சிலர் ஒரு கேள்வி கேட்பீர்கள். தலித் நீதிபதி வந்தால் மட்டும் எல்லாம் சரியாகிவிடுமா? ஆகாது. 2024 ஆகஸ்ட் 1 அன்று ஏழு நீதிபதிகள் அமர்வு உள்ஒதுக்கீடு செல்லும் என்றது. அருந்ததியர்களுக்கு மூன்று விழுக்காடு கொடுத்த தமிழ்நாட்டின் 2009ஆம் ஆண்டுச் சட்டமும் அதில் காப்பாற்றப்பட்டது. நான் அதை வரவேற்கிறேன். ஆனால் அதே தீர்ப்பில், பட்டியல் சாதிக்குள்ளும் கிரீமிலேயர் வேண்டும் என்று கவாய் எழுதினார். அதை நான் ஏற்கவில்லை. மறுபக்கம், பார்ப்பனக் குடும்பத்தில் பிறந்த வி.ஆர். கிருஷ்ணய்யர் 1975இல் என்.எம். தாமஸ் வழக்கில் இடஒதுக்கீட்டுக்கு ஆதரவாக எழுதியதை நாம் இன்றும் மேற்கோள் காட்டுகிறோம். பிறப்பு தீர்ப்பை எழுதுவதில்லை.

அப்படியானால் பிரதிநிதித்துவம் எதற்கு? கவாய் சொன்னதை நான் மறுக்கிறேன் அல்லவா, இன்னொரு தலித் நீதிபதி அதே அமர்வில் உட்கார்ந்து அதை மறுத்து எழுதியிருக்க வேண்டும். அந்த ஏழு பேரில் தலித் அவர் ஒருவர்தான். பட்டியல் சாதியினரைப் பற்றிய வழக்கில் பட்டியல் சாதியினருக்குள் இருக்கும் கருத்து வேறுபாட்டுக்கே இடமில்லை. ஒருவர் மட்டும் இருந்தால் அவர் என்ன சொன்னாலும் “உங்கள் ஆளே சொல்லிவிட்டார்” என்று நம் வாயை அடைப்பார்கள். பார்ப்பன நீதிபதிகள் தங்களுக்குள் எத்தனை விதமாகப் பிரிந்து தீர்ப்பு எழுதுகிறார்கள்! அவர்களில் எவரையும் பார்த்து “உங்கள் சாதியின் கருத்து இதுதானே” என்று யாரும் கேட்பதில்லை. அந்தச் சுதந்திரம் நம்மவர்களுக்கும் வேண்டும். அதற்கு எண்ணிக்கை வேண்டும்.

“தகுதி, திறமை என்னாவது?” என்பார்கள். மூடிய அறையில், எழுதாத அளவுகோலில், ஐந்து பேர் செய்யும் தேர்வுக்குத் தகுதி என்று பெயர் வைக்க முடியுமா? 2025 மே மாதம் உச்சநீதிமன்றமே உயர்நீதிமன்ற நியமன விவரங்களை வெளியிட்டபோது, யார் யார் நீதிபதிகளின் உறவினர் என்பதையும் சேர்த்தே வெளியிட்டது. அப்படி ஒரு கட்டம் பட்டியலில் தேவைப்பட்டது என்பதே போதும், நான் விளக்க வேண்டியதில்லை.

அந்த அறைக்குப் போகும் பாதையும் இங்கேதான் தொடங்குகிறது. சட்டம் படித்து முடிக்கும் நம் பிள்ளைகள் சீனியரிடம் சேர்ந்து முதல் நான்கைந்து ஆண்டுகள் பேருந்துக் காசுக்கே திண்டாடுகிறார்கள். அப்பா வக்கீலாக இருந்தால் தாக்குப்பிடிக்கலாம். அப்பா கூலி என்றால் மூன்றாவது ஆண்டில் வேறு வேலைக்குப் போய்விடுகிறார்கள். 2024இல் சென்னை உயர்நீதிமன்றம், ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் குறைந்தபட்ச உதவித்தொகை தரவேண்டும் என்று உத்தரவிட்டது. அது எத்தனை அலுவலகங்களில் நடக்கிறது என்று இங்கே இருக்கும் இளம் வழக்கறிஞர்களைக் கேட்டால் தெரியும். இருபது ஆண்டு கழித்து நீதிபதியாக வேண்டியவர் இன்று எந்த ஜூனியர் என்பதை அந்த 15,000 ரூபாய் முடிவு செய்கிறது.

நம் கோரிக்கைகள் என்ன? நீதிபதிகள் நியமனத்தில் சமூக, பாலினப் பிரதிநிதித்துவத்தைக் கட்டாயம் கருத்தில் கொள்ள வேண்டும் என்று அரசமைப்புச் சட்டத்திலேயே எழுத வேண்டும். தேர்வு அளவுகோல்களை எழுத்தில் வெளியிட வேண்டும். சமத்துவம், இடஒதுக்கீடு, வன்கொடுமை தொடர்பான அரசமைப்புக் கேள்விகளை இரண்டு பேர் அமர்வில் முடிக்கக்கூடாது. ஜூனியர் உதவித்தொகை உத்தரவை பார் கவுன்சில் கண்காணித்து நடைமுறைப்படுத்த வேண்டும்.

அவசரம் ஏன் என்றும் சொல்லிவிடுகிறேன். நமது 69 விழுக்காடு, 1994ஆம் ஆண்டு 76ஆவது திருத்தத்தின் மூலம் ஒன்பதாவது அட்டவணைக்குள் வைக்கப்பட்டது. அங்கே வைத்தால் பாதுகாப்பு என்று நினைத்தோம். 2007இல் உச்சநீதிமன்றம், 1973 ஏப்ரல் 24க்குப் பிறகு அந்த அட்டவணையில் சேர்த்த சட்டங்களையும் அடிப்படைக் கட்டமைப்பை வைத்து ஆய்வு செய்வோம் என்று சொல்லிவிட்டது. ஆக, நீங்கள் இந்தக் கல்லூரியில் உட்கார்ந்திருப்பதற்குக் காரணமான அந்த 69 விழுக்காட்டையும் ஒருநாள் ஓர் அமர்வு எடுத்து விசாரிக்கலாம். அது 3க்கு 2 என்றுகூட முடியலாம்.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை கொடுத்துவிட்டு முடிக்கிறேன். இனி எந்தத் தீர்ப்பைப் படித்தாலும், வாதங்களுக்குள் போவதற்கு முன்னால் முதல் பக்கத்தில் நீதிபதிகளின் பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அவர்கள் எங்கிருந்து வந்தார்கள், யார் பரிந்துரைத்தார்கள் என்று தேடுங்கள். படிப்பு வட்டத்தில் ஒரு நோட்டுப் போட்டு எழுதிவையுங்கள். காதுக்குக் கீழே தையலோடு வந்த அந்தப் பையனின் வழக்கு கடைசியில் பதிவானது, மாதக்கணக்கில் அலைந்த பிறகு. அவனும் இப்போது சட்டம் படிக்கிறான். அவன் சீனியர் தேடி வரும்போது அந்த நோட்டு அவன் கைக்குக் கிடைக்க வேண்டும்.

கேள்விகள் இருந்தால் பேசலாம்.